அப்பா தலையாட்டினால் அது சம்மதமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு 74 வயது, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. வழக்கமாகக் காட்டும் மருத்துவமனையிலேயே ஒரு ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். ஞாபகப் பரிசோதனை, ரத்தம், ஒரு எம்.ஆர்.ஐ ஸ்கேன். அடுத்து ஒரு மருந்து ஆய்வும் வருகிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்றார், அண்ணன் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா உங்களிடம் "எதுக்கும்மா ரத்தம் எடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் கையெழுத்து செல்லுமா, இப்போது விலக முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அப்பாவின் விருப்பத்துக்கு இனிமேல் மதிப்பு ஏதாவது உண்டா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. உண்டு. எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் உளவியல் படித்தவள். 17 வருடமாக மறதி நோய் ஆராய்ச்சிகளில் இருக்கிறேன். முதல் பத்து வருடம் நோயாளிகளோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசி சம்மதம் வாங்குவதுதான் என் வேலை, இப்போது ஒரு எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது ஆராய்ச்சி நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழுவில், மற்றவர்கள் எழுதிக்கொண்டு வரும் படிவங்களைப் படித்துக் கேள்வி கேட்கிறேன். நான் வக்கீல் அல்ல. உங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை, அண்ணன் கையெழுத்துப் போட்ட படிவத்தையும் பார்த்ததில்லை. அதனால் அந்த மருத்துவமனை செய்தது சரியா தப்பா என்று இங்கே தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. டிமென்ஷியா என்று சீட்டில் எழுதிவிட்டதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டது என்று ஆகாது. இந்தத் திறன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்கிற ஒன்று அல்ல, எடுக்கிற முடிவைப் பொறுத்து மாறும். "அரை மணி நேரம் சில கேள்விகள் கேட்போம், பதில் சொல்கிறீர்களா?" என்பதைப் புரிந்துகொண்டு சம்மதிக்க முடிகிற ஒருவருக்கே, பதினெட்டு மாதம் ஓடும் ஒரு மருந்து ஆய்வின் ஆபத்துகளை எடைபோட முடியாமல் போகலாம். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது: திறன் இல்லை என்று நிரூபிக்கும் வரை ஒருவருக்குத் திறன் இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும், புரிய வைக்க எல்லா வழியிலும் முயன்று பார்க்காமல் "இவரால் முடியாது" என்று முடிவுகட்டக் கூடாது. எங்கள் துறையில் நான்கு விஷயங்களைப் பார்ப்போம். சொன்னது புரிகிறதா, அது தனக்கு நடக்கப்போவது என்று உணர்கிறாரா, நல்லது கெட்டதை ஒப்பிட்டு யோசிக்கிறாரா, ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்கிறாரா. ஆப்பெல்பாம், கிரிஸ்ஸோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வைத்து ஆராய்ச்சி சம்மதத்துக்கென்றே ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள், இன்றைக்கும் பல இடங்களில் அதுதான் அளவுகோல். ஞாபகப் பரிசோதனையில் முப்பதுக்கு இத்தனை மதிப்பெண் என்று பார்த்து, அதை மட்டும் வைத்து "திறன் இல்லை" என்று எழுதுவது தப்பு. இன்றைய தேதியைச் சொல்ல முடியாதவருக்கும் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது தெரியும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? நான் சம்மதம் வாங்கிய காலத்தில், முடிந்தவரை காலை பத்து மணிக்குள் பேசிவிடுவேன், பலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும். காது மெஷின் போட்டிருக்கிறாரா, கண்ணாடி கொண்டுவந்தாரா என்று பார்ப்பேன். பாதிப் பேருக்குப் புரியாமல் போவது மூளையால் அல்ல, காதால். அப்புறம் படிவத்தின் தமிழ். "சீரற்ற முறையில் குழு ஒதுக்கீடு", "மருந்துப்போலி" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், நன்றாகப் படித்தவர்களுக்கே தலை சுற்றும். நான் அதை மூடி வைத்துவிட்டு, "சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிதான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத ஒண்ணு, எது யாருக்கு வந்ததுன்னு டாக்டருக்கே தெரியாது" என்று சொல்வேன். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்கவே மாட்டேன், அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டம்மா எங்க போனீங்க, எதுக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்பேன். அந்தப் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். "இந்தப் பொண்ணு ஏதோ மறதியைப் பத்திப் படிக்குது, ரத்தம் கேக்குது, குடுக்கலாம்னு இருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அதுவே போதும். "டாக்டர் ஊசி போட்டா மறதி சரியாயிடும்" என்று சொன்னால் சம்மதம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம், பெயரை எவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டாலும் சரி. கையெழுத்து என்பது கையின் பழக்கம், கடைசி வரைக்கும் நிற்கும்.

நம் வீடுகளில் "சரிப்பா" என்ற சொல்லுக்கு இருக்கும் பாரத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்கிறார், பக்கத்தில் மகன் நிற்கிறார், அந்த மகன்தான் காலையில் லீவு போட்டு ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்தவர். அந்த இடத்தில் நம் அப்பாக்கள் "சரி" என்பது பல நேரம் "உனக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை" என்பதற்கான சொல். மறதி நோய் வந்தவர்கள் தனக்குப் புரியவில்லை என்பதை மறைக்க எவ்வளவு பாடுபடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்படி மறைக்க முதலில் கைகொடுப்பது "சரி" என்ற இந்தச் சொல்தான். அதனால் இத்தனை வருடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று: "சரி" என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், "வேண்டாம்" என்பதைச் சோதிக்கக் கூடாது. சம்மதிக்கத்தான் திறன் வேண்டும். மறுக்க எந்தத் திறனும் தேவையில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

இதை நான் ஒரு டீச்சரம்மாவிடம் கற்றேன். கணக்கு டீச்சராக இருந்தவர், 70க்கு மேல் வயது, மகள் கையெழுத்துப் போட்டு ஒரு ஆய்வில் சேர்த்திருந்தார். ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் கேள்விகள்தான், இதில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது என்று நானும் நினைத்தேன். கடிகாரம் வரையச் சொன்னேன். வட்டம் போட்டார். பன்னிரண்டு எண்களையும் வலது பக்கமே அடுக்கிவிட்டார், இடது பக்கம் காலியாக இருந்தது. ஏதோ தப்பு என்று அவருக்குத் தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. மகள் பக்கத்திலிருந்து "யோசிச்சு சொல்லும்மா, உனக்குத் தெரியும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீச்சரம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றி, அந்தத் தாளில் வரைந்ததைத் துடைக்கத் தொடங்கினார், கரும்பலகையைத் துடைப்பதுபோல. பேனா மை, போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த கேள்விக்குப் போனேன். படிவத்தில் சம்மதம் இருந்தது, அவர் "வேண்டாம்" என்று வாயால் சொல்லவில்லை, எனக்கு இன்னும் நான்கு பக்கம் பாக்கி இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மார்க் போட்ட ஒருவரை, மகளின் கண் முன்னால் தேர்வு எழுத வைத்துத் தோற்கடித்தேன். அன்று அவர் துடைத்ததுதான் அவருடைய "வேண்டாம்". அதை நான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி சேர்த்தோம், குடும்பத்திடம் கேட்பதற்கு: "இவருக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அதை எப்படிக் காட்டுவார்?" பதில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒருவர் பாட்டு முணுமுணுப்பார். ஒருவர் செருப்பைத் தேடுவார். ஒருவர் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவார், அப்போதுதான் கோபம் என்று மனைவி சொன்னார். இப்படி ஒவ்வொரு சந்திப்பிலும், ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும், அந்த ஆளின் முகத்தையும் உடம்பையும் பார்த்து மறுபடி மறுபடி சம்மதம் கேட்பதைத் தொடர் சம்மதம் என்று சொல்வோம். ஜான் டூயிங் என்ற பிரிட்டிஷ் நர்சிங் ஆய்வாளர் டிமென்ஷியா உள்ளவர்களுக்காகவே இதை ஒரு முறையாக எழுதியிருக்கிறார். ஒரு நாள் போட்ட கையெழுத்து அந்த ஒரு நாளுக்குத்தான் என்பது அதன் அடிப்படை.

"நாமே நல்லதுக்குத்தானே செய்கிறோம், இவ்வளவு பார்க்க வேண்டுமா?" என்று அண்ணன் கேட்கலாம். பார்க்காமல் விட்டதால் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். 1963இல் நியூயார்க்கின் புரூக்ளினில் யூத நாட்பட்ட நோய் மருத்துவமனையில், செஸ்டர் சதம் என்ற புற்றுநோய் ஆய்வாளர் 22 நோயாளிகளின் தோலுக்கடியில் உயிருள்ள புற்றுநோய்ச் செல்களை ஊசியாகப் போட வைத்தார். முதியவர்கள், நோயால் தளர்ந்து போனவர்கள், சிலர் என்ன சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் நிலையிலேயே இல்லாதவர்கள். எதிர்ப்பு சக்தியைப் பார்க்கும் ஒரு பரிசோதனை என்று சொன்னார்கள், புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லவில்லை, சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள் என்று காரணமும் வைத்திருந்தார்கள். வாயால் சம்மதம் சொன்னார்கள் என்றுதான் பிறகு வாதாடினார்கள். அங்கே வேலை பார்த்த மூன்று இளம் டாக்டர்கள் அந்த ஊசியைப் போட மறுத்து, பின்னர் வேலையையும் விட்டார்கள். விஷயம் வெளியே வந்தது அதனால்தான். பொறுப்பானவர்கள் மேல் நடவடிக்கை வந்தது, ஆனாலும் சில வருடத்திலேயே சதம் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். கெட்ட எண்ணம் கொண்டவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த முதியவர்களும் தலையாட்டியிருப்பார்கள்.

இனி அண்ணன் கையெழுத்துக்கு வருகிறேன். 1947இல் வந்த நியூரம்பர்க் நெறிகள், ஆளின் சொந்தச் சம்மதம் இல்லாமல் ஆராய்ச்சியே கூடாது என்றன. நாஜி டாக்டர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு எழுதியது, வேறு எப்படி எழுதுவார்கள். ஆனால் அதை அப்படியே பிடித்தால் முற்றிய டிமென்ஷியாவைப் பற்றி யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சின்கி பிரகடனம், நோயாளிக்காகச் சம்மதிக்கும் பிரதிநிதிக்குக் கதவைத் திறந்தது, பிறகு பலமுறை திருத்தப்பட்டு இன்று அது சொல்வது இதுதான்: திறன் இல்லாதவருக்காகச் சட்டப்படியான பிரதிநிதி சம்மதிக்கலாம், ஆனால் அந்த ஆளுக்குத் தனக்குப் புரிந்த அளவில் இசைவு சொல்ல முடிகிறது என்றால் அவருடைய இசைவையும் சேர்த்து வாங்க வேண்டும், அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் இப்படிப்பட்டவர்களைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்களாக வைத்து, பிரதிநிதியின் சம்மதத்தைக் கேட்கின்றன. ஆக அண்ணன் கையெழுத்து என்பதே தப்பான விஷயம் அல்ல. அது மட்டுமே போதும் என்று நிறுத்திவிடுவதுதான் தப்பு.

இங்கே சட்டத்தில் தெளிவில்லாத இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகள் பிரதிநிதியைப் பற்றிப் பேசும்போது இந்தியச் சட்டப்படி சம்மதம் தரக்கூடியவர் என்கின்றன, ஆனால் வயதுவந்த ஒரு டிமென்ஷியா நோயாளிக்கு அது யார் என்று நேரடியாகச் சொல்லும் ஒரே பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. நடைமுறையில் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போடுகிறார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது: அவரே முன்கூட்டி எழுதி நியமித்தவர், இல்லையென்றால் உறவினர், அப்புறம் பராமரிப்பவர் என்று போகும். மூத்த மகன் என்பதற்கு அதில் தனி இடம் எதுவும் கிடையாது. தினமும் அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த அறையில் நீங்கள் இருந்திருக்க வேண்டும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதே சட்டத்தின் 99ஆவது பிரிவு ஆராய்ச்சிக்கென்றே எழுதப்பட்டது. சம்மதம் தர முடியாத, ஆனால் எதிர்ப்பும் காட்டாத ஒருவரிடம் மருந்து போன்ற தலையீடு உள்ள ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும், சம்மதம் தரக்கூடியவர்களை வைத்து அந்த ஆராய்ச்சியைச் செய்யவே முடியாது என்றும் காட்ட வேண்டும். "எதிர்ப்பும் காட்டாத" என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிர்த்தால், பிரதிநிதி சம்மதித்தாலும் அந்த வழி அவருக்குத் திறக்காது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். டிமென்ஷியா இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் வாதம் உண்டு. சட்டத்தின் வரையறையில் நினைவாற்றல் கோளாறு என்பதும் இருக்கிறது, அதனால் முற்றிய நிலை வரும் என்பது என் கருத்து. நரம்பியல் பக்கம் இருப்பவர்கள் சிலர் இது தங்கள் துறைக்குப் பொருந்தாது என்று எங்கள் கமிட்டியிலேயே வாதாடியிருக்கிறார்கள்.

பிரதிநிதியின் வேலை என்ன என்பது சட்டத்தைவிட முக்கியம். "உங்க அப்பாவை இதில் சேர்க்க உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டால் அது தப்பான கேள்வி. அப்பா நல்ல நினைவோடு இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் அண்ணன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதை அவர் வாழ்க்கையிலிருந்துதான் எடுக்க முடியும். கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்தவரா? ஊரில் யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதலில் கிளம்புகிறவரா? இல்லை, காய்ச்சலுக்குக்கூட ஊசி வேண்டாம், கஷாயம் போதும் என்று சொல்கிறவரா? இதை அண்ணனும் நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்தில் ஒரு தெளிவு வரும். இன்னொன்று, பல குடும்பங்களுக்குத் தெரியாதது: மருந்து ஆய்வைப் புரிந்துகொண்டு சம்மதிக்க முடியாத பலருக்கும், தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும் திறன் மிச்சம் இருக்கும். இதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. "இந்த மாதிரி விஷயத்துல உங்களுக்காக யார் பேசணும்பா?" என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கேட்காமலேயே அண்ணன் என்று முடிவு செய்திருக்கலாம், நம் ஊரில் அப்படித்தான் நடக்கும்.

பொய் சொல்லிக் கூட்டிவருவது பற்றியும் ஒரு வார்த்தை. "கோயிலுக்குப் போறோம்" என்று சொல்லிக் கூட்டிவந்து, "இது சத்து ஊசிப்பா" என்று சொல்லி ரத்தம் எடுக்க வைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிகிச்சைக்காக, மாத்திரை விழுங்க வைக்க, வீட்டில் சின்னச் சின்னப் பொய் சொல்ல வேண்டி வருவதை நான் குறை சொல்ல மாட்டேன், பராமரிப்பவர்களின் பாடு எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு அது கூடாது. சிகிச்சை அவருக்காக, ஆராய்ச்சி பிறருக்காக. பிறருக்காக ஒருவரிடமிருந்து எடுப்பதைப் பொய் சொல்லி எடுக்கக் கூடாது. "மறதியைப் பற்றிப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ரத்தம் வேண்டுமாம், தருகிறீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார் என்பது கேட்காமல் இருக்கக் காரணம் ஆகாது.

சில விஷயங்களில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. "வீட்டுக்குப் போகணும்" என்று ஒருவர் சொல்கிறார். அது மறுப்பா? சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போகணும் என்று சொல்கிறவர்கள்தானே இவர்கள். என் வழக்கம், நிறுத்திவிட்டு, டீ கொடுத்து, வேறு பேச்சுப் பேசி, கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி கேட்பது. அப்போதும் எழுந்தால் அன்றைக்கு முடிந்தது. இன்னொரு நாளும் அப்படியே நடந்தால் அந்த ஆய்வே முடிந்தது. வேறு சிலர் மூன்று முறை வரை முயலலாம் என்பார்கள். இதைவிடக் கஷ்டமான ஒன்று, நல்ல நினைவோடு இருந்தபோது "என்னை எல்லா ஆராய்ச்சிக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று எழுதிவைத்தவர், இன்று ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறார். எந்த ஆளின் பேச்சைக் கேட்பது, அன்றைக்கு எழுதியவரையா, இன்றைக்கு கையை இழுப்பவரையா? தத்துவம் படித்தவர்கள் இதில் இரண்டு பக்கமும் வலுவாக எழுதியிருக்கிறார்கள். நான் இன்றைக்கு கையை இழுப்பவர் பக்கம். வலிப்பது அவருக்கு. இங்கிலாந்துச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான், அவரைத் தீங்கிலிருந்து காக்க என்றால் தவிர, அவர் எதிர்ப்பதாகத் தெரியும் எதையும் ஆராய்ச்சிக்காகச் செய்யக் கூடாது என்கிறது.

வரப்போகும் மருந்து ஆய்வைப் பற்றி. ரத்தம், ஞாபகப் பரிசோதனை இவற்றோடு இதை ஒன்றாக வைக்காதீர்கள், இதற்குத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். குடும்பங்கள் விழும் பெரிய குழி, ஆராய்ச்சியையே சிகிச்சை என்று நினைத்துக்கொள்வது. அப்பாவுக்கு மருந்துப்போலி, அதாவது மருந்தே இல்லாத ஊசியோ மாத்திரையோ, வரலாம். உண்மையான மருந்தே வந்தாலும் அது வேலை செய்யுமா என்பதுதான் ஆராய்ச்சியின் கேள்வியே. ஆபத்து எந்த அளவில் இருக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம்: டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமருக்கு வந்த லெகானெமாப் என்ற மருந்தை 1,795 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 18 மாதத்தில், நோய் மோசமாகும் வேகம் ஓரளவு குறைந்தது. ஆனால் மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, மருந்துப்போலி பெற்றவர்களில் 1.7 சதவீதம். பலருக்கு அறிகுறி எதுவும் இல்லை, சிலருக்கு இருந்தது. ஏபிஓஇ4 என்ற மரபணு இரண்டு பிரதி இருப்பவர்களுக்கு மூளை வீக்கம் இதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். உங்களுக்குச் சொல்லப்படும் மருந்து இதுவாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து வருகிறது: மரபணுப் பரிசோதனை செய்வீர்களா, முடிவை எங்களிடம் சொல்வீர்களா, அது ஆபத்தை மாற்றினால் சேர்வதற்கு முன்பே சொல்வீர்களா? அந்த மரபணு முடிவு உங்களுக்கும் அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லும் செய்தி என்பதையும் யோசித்து வையுங்கள்.

மருந்து ஆய்வென்றால் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் அதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும், 2009 ஜூன் முதல் இது கட்டாயம். படிவத்தில் எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன, அது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். முற்றிலும் புதிய மருந்து என்றால், அப்பா போன்றவர்களிடம் சம்மதம் வாங்குவதை ஒலி, ஒளிப் பதிவும் செய்ய வேண்டும். கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். அண்ணனிடம் பிரதி இல்லையென்றால் முதலில் அதைப் போய்க் கேளுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இவ்வளவும் சொன்னதால் ஆராய்ச்சியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் இந்த நோயைப் பற்றி நடந்த ஆராய்ச்சி எவ்வளவு குறைவு என்பதைச் சுட்டவே 10/66 என்று ஒரு ஆய்வுக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள்: நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. சென்னையிலும் வேலூர் பக்கத்துக் கிராமங்களிலும் அவர்கள் வீடு வீடாகப் போனார்கள், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளையும் குறைவாக எடைபோடாத பரிசோதனைகளை உருவாக்கினார்கள். அந்தப் பாட்டிகள் கதவைத் திறந்து பதில் சொன்னதால்தான் அது நடந்தது. "இவருக்குப் புரியாது" என்று எல்லோரையும் வெளியே நிறுத்தினால், நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களை வைத்து எழுதிய அறிவைத்தான் முற்றியவர்களுக்கும் பயன்படுத்த வேண்டிவரும். அதுவும் அநியாயம்தான். என்னிடம் வந்தவர்களில் பலர் ஆராய்ச்சிக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்து சட்டைக்கு இஸ்திரி போட்டு வருவார்கள். யாரோ ஒருவர் தன்னை இன்னும் பயனுள்ள ஆளாகப் பார்க்கிறார் என்ற சந்தோஷம் அது.

விலகுவதைப் பற்றிக் கேட்டீர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அதனால் வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் மாறக் கூடாது. இது உறுதியான விஷயம். யாராவது "அப்புறம் இங்க காட்டறது கஷ்டம்" என்பதுபோலப் பேசினால், படிவத்தின் கடைசியில் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் இருக்கும், அதில் கூப்பிடுங்கள், எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான். ஏற்கனவே எடுத்த ரத்தத்தை என்ன செய்வார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். பெயரோடு சேமித்திருந்தால் அழிக்கச் சொல்லலாம், பெயரை நீக்கி மற்றவர்களுடையதோடு சேர்த்துக் கணக்கில் எடுத்துவிட்டார்கள் என்றால் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம்.

என்னிடம் கேட்டால், உடனே விலக வேண்டாம், அடுத்த சந்திப்புக்கு நீங்கள் கூடப் போங்கள். காலை நேரமாகக் கேளுங்கள். அப்பா மறுப்பை எப்படிக் காட்டுவார் என்று ஆய்வை ஒருங்கிணைப்பவரிடம் நீங்களே சொல்லுங்கள், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கேன் சத்தமாக இருக்கும், அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டியிருக்கலாம். அதற்கு முன் அந்தச் சத்தத்தை வெளியே நின்று கேட்கவைக்க முடியுமா என்று கேளுங்கள், ஆராய்ச்சி ஸ்கேனுக்காக மயக்க மருந்து கொடுக்கலாம் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்பாவின் முகத்தைப் பாருங்கள். அவர் கையை நீட்டினால் இருங்கள், கையை இழுத்தால் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அன்று ராத்திரி "எதுக்கும்மா ரத்தம் எடுத்தாங்க?" என்று அப்பா மறுபடி கேட்பார். மறதியைப் பற்றிப் படிக்கிறாங்கப்பா, நீங்க குடுத்தீங்க என்று சொல்லுங்கள், உண்மையிலேயே அவர் கொடுத்திருந்தால்.